பள்ளிக் கோப்புகள் யார் கணக்கில் இருக்கின்றன? மேகச் சேமிப்பும் கூட்டுப்பணிக் கருவிகளும்: ஒரு விளக்கம்

பள்ளிகளின் மேகச் சேமிப்பைக் கவனிப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக ஓர் எச்சரிக்கை அடிக்கடி வருகிறது: "உங்கள் நிறுவனத்தின் சேமிப்பிடம் நிரம்பப்போகிறது." வரம்பே இல்லாமல் கிடைத்த இடம் ஏன் சுருங்கியது, எதை அழிப்பது, பணம் கட்டியே ஆக வேண்டுமா என்று தெரியாமல் பலர் குழம்புகிறார்கள். வேலையை விட்டுப் போன ஆசிரியரின் கணக்கை மூடியதும் பல ஆண்டு வினாத்தாள்கள் காணாமல் போகின்றன. மதிப்பெண் பட்டியலின் இணைப்பு வெளியாட்கள் கைக்குப் போய்விடுகிறது. வேறு வேறு சிக்கல்களாகத் தெரிந்தாலும், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான்: ஒரு கோப்பு யார் கணக்கில் உருவாக வேண்டும், யார் பெயரில் இருக்க வேண்டும் என்று பள்ளி முன்கூட்டியே முடிவு செய்து வைக்கவில்லை.

## முதலில் அடிப்படை

மேகச் சேமிப்பு என்றால், உங்கள் கோப்பு கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனத்தின் தரவு மையத்தில் இருக்கிறது; நீங்கள் இணையம் வழியாக அதைத் திறந்து பார்க்கிறீர்கள், திருத்துகிறீர்கள். அங்கே ஒவ்வொரு கோப்போடும் மூன்று விவரங்கள் ஒட்டியிருக்கும்.

1. உரிமையாளர். பொதுவாக, எந்தக் கணக்கில் கோப்பு உருவானதோ அந்தக் கணக்கு. அதன் அளவும் அந்தக் கணக்கின் இடத்தில்தான் கழியும்.
2. அனுமதிப் பட்டியல். யார் பார்க்கலாம், யார் கருத்துச் சொல்லலாம், யார் திருத்தலாம் என்பது.
3. பதிப்பு வரலாறு. எப்போது, எந்தக் கணக்கிலிருந்து, என்ன மாறியது என்பதன் பதிவு.

கணக்குகளிலும் இரண்டு வகை உண்டு. ஆசிரியர் தன் சொந்த ஜிமெயில் முகவரியில் வைத்திருப்பது தனிநபர் கணக்கு. கூகுளில் அதற்கு 15 ஜிபி இலவசம், மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் 5 ஜிபி. பள்ளியின் இணைய முகவரியில் முடியும் கணக்கு நிறுவனக் கணக்கு. அதற்குப் பள்ளியின் நிர்வாகி கடவுச்சொல் மாற்றலாம், தற்காலிகமாக முடக்கலாம், கோப்புகளை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றலாம். தனிநபர் கணக்கில் இவற்றில் எதையுமே பள்ளியால் செய்ய முடியாது. தகுதியுள்ள பள்ளிகளுக்குக் கூகுளின் எஜுகேஷன் ஃபண்டமென்டல்ஸ், மைக்ரோசாஃப்டின் ஏ1 ஆகிய அடிப்படைத் திட்டங்கள் கட்டணமில்லாமலே கிடைக்கின்றன. அதனால் பள்ளி வேலை தனிநபர் கணக்குகளில் நடப்பதற்குச் செலவைக் காரணமாகச் சொல்ல முடியாது. பதிவு செய்து, கணக்குகளை உருவாக்கிக் கொடுக்க ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

## 100 டெராபைட் எங்கே போகிறது?

கூகுள் தன் கல்விச் சேவையில் வரம்பில்லாச் சேமிப்பை நிறுத்தப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. ஏற்கெனவே பயன்படுத்திவந்த நிறுவனங்களுக்கு 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து செயல்படுத்தத் தொடங்கியது. இரண்டிலும் அடிப்படை ஒதுக்கீடு ஒரு நிறுவனத்துக்கு 100 டெராபைட், அதாவது சுமார் ஒரு லட்சம் ஜிபி. இதை எல்லாக் கணக்குகளும் பொதுவில் பங்கிட்டுக்கொள்கின்றன.

2,000 கணக்குகள் உள்ள ஒரு பள்ளிக்கு இது தலைக்கு 50 ஜிபி, தாராளம். ஆனால் ஒரே நிர்வாகம் பல பள்ளிகளை ஒரே இணைய முகவரியின் கீழ் நடத்தி, மொத்தம் 30,000 கணக்குகள் இருந்தால் தலைக்கு 3.3 ஜிபிதான். பதவிக்காலம் முடிந்தவர்கள், படித்து முடித்துப் போனவர்கள் கணக்குகளும் இதே குளத்தில்தான் தண்ணீர் குடிக்கின்றன.

இடத்தைத் தின்பது எழுத்துக் கோப்புகள் அல்ல, காணொளிகள்தான். கைபேசியில் 1080பி தரத்தில் எடுத்த 10 நிமிடக் காணொளி, கைபேசி அதைச் சுருக்கிச் சேமிக்கும் முறையைப் பொறுத்து, சுமார் 600 எம்பியிலிருந்து 1.3 ஜிபி வரை வரும். 45 மாணவர்கள் ஒரு செய்முறைப் பயிற்சியை இப்படிப் பதிவு செய்து ஒப்படைத்தால், அந்த ஒரு வீட்டுப்பாடம் மட்டும் 27 ஜிபிக்கு மேல் போகும். "720பி தரம், 3 நிமிடத்துக்குள்" என்று பணிக்குறிப்பிலேயே எழுதிவிட்டால் அளவு பல மடங்கு குறையும். மதிப்பிடவும் அது போதும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தீனி, நகல்கள். கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு கோப்பை இணைக்கும்போது மூன்று வாய்ப்புகள் வரும்: மாணவர்கள் பார்க்கலாம், மாணவர்கள் திருத்தலாம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல். படங்களும் ஒலியும் சேர்த்த 80 எம்பி பவர்பாயின்ட் கோப்பை மூன்றாவது முறையில் 45 பேருக்குக் கொடுத்தால் 3.6 ஜிபி கழியும். ஆறு பிரிவுகளுக்கும் அதையே கொடுத்தால் 21.6 ஜிபி. மாணவர் நிரப்பி எழுத வேண்டிய பயிற்சித்தாளுக்குத்தான் நகல் தேவை. படிக்க மட்டும் கொடுப்பதற்கு முதல் வாய்ப்பே சரி.

இடம் தீர்ந்துவிட்டால் பழைய கோப்புகள் உடனே அழிந்துவிடாது. புதிதாக எதையும் ஏற்ற முடியாது, புதிய ஆவணம் தொடங்க முடியாது, கோப்பு இணைக்கச் சொல்லும் படிவங்கள் வேலை செய்யாது. தேர்வு வாரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துப்புரவை இந்த வரிசையில் செய்வது நல்லது:

1. நிர்வாகத் தளத்தின் சேமிப்பு அறிக்கையைத் திறந்து, அதிகம் எடுத்துக்கொண்ட கணக்குகளை மேலிருந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு சில கணக்குகளிலேயே பெரும்பகுதி இருக்கும்.
2. அந்தக் கணக்குகளில் கோப்புகளை அளவுவாரியாக அடுக்குங்கள். இணையவழி வகுப்புகளின் பதிவுகள்தான் முதலில் வந்து நிற்கும். கூகுள் மீட் பதிவுகள் கூட்டத்தை நடத்தியவரின் டிரைவில் சேர்ந்துகொண்டே இருக்கும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பதிவுகளுக்கு 120 நாள் காலாவதி இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கும். நிர்வாகி அதை மாற்றலாம்.
3. அழித்தபின் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். கூகுள் டிரைவில் அழித்தது 30 நாள் தொட்டியில் கிடக்கும். அதுவரை அதுவும் கணக்கில்தான் சேரும்.
4. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித்தனி உச்சவரம்பு வையுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டும் இதே வேலை.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மற்றவர் பகிர்ந்த கோப்பை நீங்கள் அழித்தால் அது உங்கள் பார்வையிலிருந்து மட்டுமே மறையும். ஒரு பைட் இடம்கூடத் திரும்பாது. உரிமையாளர் அழித்தால்தான் அழியும். அப்படி அழியும்போது பகிரப்பட்ட அத்தனை பேருக்கும் அது போய்விடும்.

## ஆள் போனால் கோப்பும் போகுமா?

தனியாள் இடம், பொது இடம் என்ற வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. கூகுளில் மை டிரைவில் உருவாகும் கோப்புக்கு அந்த ஆசிரியர் உரிமையாளர். ஷேர்டு டிரைவில் உருவாகும் கோப்புக்கு உரிமையாளர் பள்ளி. யார் வந்தாலும் போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும். மை டிரைவில் ஒரு கோப்புறை உருவாக்கி எல்லோருக்கும் பகிர்ந்தால் பார்ப்பதற்கு ஷேர்டு டிரைவ் போலவே இருக்கும். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு கோப்பும் அதை உருவாக்கியவர் பெயரிலேயே இருக்கும். வினாத்தாள்கள் காணாமல் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கோப்புறைகளிலிருந்துதான்.

மைக்ரோசாஃப்ட் பக்கமும் இதே கதைதான், வேறு பெயரில். டீம்ஸ் சேனலில் இடும் கோப்பு அந்தக் குழுவின் பொதுக் கோப்பிடமான ஷேர்பாயிண்ட் தளத்தில் சேர்கிறது. அது குழுவுக்குச் சொந்தம். அதே கோப்பைத் தனி அரட்டையில் அனுப்பினால் அனுப்பியவரின் ஒன்டிரைவில் உட்கார்ந்துகொள்கிறது. எனவே துறைக்குத் தேவையான எதையும் அரட்டையில் அனுப்புவதோடு நிறுத்தக் கூடாது.

ஷேர்டு டிரைவில் யாருக்கு என்ன பொறுப்பு தருவது என்பதிலும் கவனம் வேண்டும். பொதுவாகத் தரப்படும் 'உள்ளடக்க மேலாளர்' பொறுப்பில் இருப்பவர் கோப்பை நகர்த்தலாம், குப்பைக்கும் அனுப்பலாம். 'பங்களிப்பாளர்' சேர்க்கலாம், திருத்தலாம். நகர்த்தவோ அழிக்கவோ முடியாது. துறைத்தலைவரும் இன்னொருவரும் மேலாளர், மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் பங்களிப்பாளர் என்று வைத்தாலே தவறுதலான அழிப்புகள் வெகுவாகக் குறையும்.

ஒருவர் பணியிலிருந்து விலகும்போது வரிசை மாறக் கூடாது:

1. கணக்கை அழிக்காமல் இடைநிறுத்துங்கள். உள்நுழைய முடியாது, கோப்புகள் அப்படியே இருக்கும்.
2. அவர் பெயரில் உள்ள படிவங்கள், வகுப்புகள், நாள்காட்டி நிகழ்வுகளைப் பட்டியலிடுங்கள். டிரைவ் கோப்புகளைப் பற்றி நினைவிருக்கும். வகுப்பின் உரிமையாளரை மாற்ற மறந்துவிடுவார்கள்.
3. கோப்புகளின் உரிமையை நிர்வாகத் தளத்திலிருந்து வேறு கணக்குக்கு மாற்றி, தேவையானவற்றை ஷேர்டு டிரைவுக்கு நகர்த்துங்கள்.
4. சில வாரம் கழித்து, யாரும் எதையும் தேடவில்லை என்று உறுதியான பிறகு அழியுங்கள்.

அவசரப்பட்டு அழித்துவிட்டால் கூகுளில் 20 நாளுக்குள்ளும் மைக்ரோசாஃப்டில் 30 நாளுக்குள்ளும் கணக்கை மீட்கலாம். கோடை விடுமுறை தொடங்கும்போது அழித்துவிட்டு, பள்ளி திறந்த பிறகு தேடினால் அந்தக் கெடு தாண்டியிருக்கும்.

## பகிர்வு இணைப்பின் மூன்று நிலைகள்

பெயர் குறித்த ஆட்களுக்கு மட்டும், பள்ளிக் கணக்கு உள்ள எவருக்கும், இணைப்பு கையில் உள்ள எவருக்கும் என்று மூன்று நிலைகள். மூன்றாவது நிலையில் உள்நுழைவே தேவையில்லை. அந்த இணைப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை விழுந்துவிட்டால், எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. விடுமுறை அறிவிப்புக்கு அது பொருந்தும்; மாணவர் பெயர் உள்ள எதற்கும் பொருந்தாது. மாணவர் கணக்குகளிலிருந்து வெளியே பகிர்வதை நிர்வாகி மொத்தமாகவே தடுத்துவைக்கலாம். சிறு வகுப்புகளுக்குத் தடுத்துவைப்பதே சரி.

மதிப்பெண் அட்டவணையில் நடக்கும் தவறு நுட்பமானது. ஒரே விரிதாளில் எல்லாப் பிரிவுகளின் மதிப்பெண்களையும் வைத்து, மற்ற தாள்களை மறைத்துவிட்டு, 'பார்வையாளர்' அனுமதியோடு பகிர்கிறார்கள். மறைத்த தாள் அழிந்த தாள் அல்ல. பெறுபவர் ஒரு நகல் எடுத்தால் அந்த நகலுக்கு அவரே உரிமையாளர். மறைத்ததை இரண்டு சொடுக்கில் வெளியே கொண்டுவந்துவிடுவார். 'தாளைப் பாதுகா' என்ற அமைப்பும் திருத்துவதை மட்டுமே தடுக்கும், பார்ப்பதைத் தடுக்காது. காட்டக் கூடாததை வேறு கோப்பில் வைப்பதுதான் ஒரே வழி.

படிவங்களிலும் இதே போன்ற இரண்டு பொறிகள் உண்டு. நிரப்புவதற்கான இணைப்புக்குப் பதிலாக, முகவரிப் பட்டையில் இருக்கும் திருத்தும் இணைப்பை நகலெடுத்து அனுப்புவது ஒன்று. திருத்தும் அனுமதியும் திறந்திருந்தால் கேள்விகளையே மாற்றிவிடலாம். பதிலளித்தவர்களுக்கு முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் அமைப்பை அணைக்காமல் விடுவது இரண்டாவது. பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் கேட்கும் படிவத்தில் இது நடந்தால், நிரப்பிய ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய எண்ணையும் பார்ப்பார்கள்.

## ஒரே ஆவணத்தில் பலர் எழுதும்போது

இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டால் ஆவணம் ஏன் குழம்புவதில்லை? ஒருவர் 5ஆம் இடத்தில் நான்கு எழுத்துகளைச் சேர்க்கிறார். அதே நொடியில் இன்னொருவர் 20ஆம் இடத்தில் உள்ள எழுத்தை அழிக்கிறார் என்று வையுங்கள். இரண்டாவது கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் தவறான எழுத்து அழியும், ஏனென்றால் எல்லாம் நான்கு இடம் தள்ளிப் போயிருக்கின்றன. சர்வர் அந்தக் கட்டளையை '24ஆம் இடத்தை அழி' என்று மாற்றி நிறைவேற்றுகிறது. எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் முன்வைத்த இந்த முறையின் வழிவந்ததுதான் கூகுள் டாக்ஸ்.

இது இணைப்பு உள்ளவரை மிக நன்றாக வேலை செய்கிறது. சிக்கல், கணினியில் இறக்கிவைத்த வேர்டு, எக்செல் கோப்புகளில் வருகிறது. இரண்டு கணினிகள் இணைப்பில்லாமல் ஒரே கோப்பைத் திருத்தி, பிறகு ஒத்திசைவுக்கு (கணினியிலும் மேகத்திலும் உள்ளதை ஒன்றுபோல் ஆக்குவதற்கு) வந்தால், இரண்டையும் சேர்க்க முடியாதபோது ஒன்டிரைவ் ஒன்றின் பெயரோடு கணினியின் பெயரை ஒட்டி இரண்டையும் வைத்துவிடும். 'கால அட்டவணை', 'கால அட்டவணை-ஆய்வகம்2' என்று இரண்டு கோப்புகள் தெரிந்தால் காரணம் இதுதான். ஒன்றை அழிக்கும் முன் இரண்டையும் திறந்து ஒப்பிட வேண்டும். பழைய டாக், எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புகளிலும், திறக்கக் கடவுச்சொல் வைத்த கோப்புகளிலும் ஒரே நேரத்தில் பலர் எழுத முடியாது. புதிய வடிவத்தில் சேமித்துவிட்டுப் பகிருங்கள்.

கூகுள் ஆவணத்தை ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம் என்றாலும், 45 மாணவர்களை ஒரே வெற்றுப் பக்கத்தில் விடுவது வீண். ஒருவர் அழுத்தும் என்டர் விசை மற்ற எல்லோருடைய வரியையும் கீழே தள்ளும். குழுவுக்கு ஒரு கட்டம் என்று அட்டவணை போட்டுக் கொடுங்கள். அல்லது விளக்கக்காட்சியில் குழுவுக்கு ஒரு ஸ்லைடு. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் பயிற்சிக்குப் 'பரிந்துரை' முறை ஏற்றது. மூலமும் திருத்தமும் ஒன்றாகத் தெரியும்.

குழுப்பணியில் யார் எவ்வளவு எழுதினார் என்பதற்குப் பதிப்பு வரலாறு ஓரளவு சான்று தரும். ஓரளவு என்பதற்குக் காரணம், ஒருவர் வேறு இடத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம். இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்திருக்கலாம். மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் மாணவரிடம் கேட்பதே நியாயம். உள்நுழையாமல் திருத்தும் அனுமதி கொடுத்திருந்தாலோ இந்தச் சான்றும் இல்லை. பெயரற்ற பயனர் என்று மட்டுமே பதிவாகும். வகுப்பில் யாரோ ஒருவர் தகாத சொல்லை எழுதிவிட்டு மறையும் சம்பவங்கள் அந்த அனுமதியோடுதான் நடக்கின்றன.

## ஒத்திசைவைக் காப்புநகல் என்று நம்பாதீர்கள்

கணினியில் அழித்தால் மேகத்திலும் அழிவதுதான் ஒத்திசைவு. காப்புநகல் என்பது அந்த அழிப்பு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஆய்வகக் கணினியில் பணம் கேட்டு மிரட்டும் தீநிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டப்பட்ட வடிவமே விசுவாசமாக மேகத்துக்கும் ஏறும். ஒன்டிரைவில் கடந்த 30 நாளில் ஏதாவது ஒரு நேரத்துக்கு மொத்தத்தையும் பின்னோக்கி மீட்க வசதி உண்டு. பள்ளிக் கணக்கின் ஒன்டிரைவ் தொட்டியில் அழித்தது 93 நாள் இருக்கும். கூகுளில் தொட்டியைக் காலி செய்த பிறகும் 25 நாளுக்குள் நிர்வாகியால் மீட்க முடியும். இவை எல்லாமே நாட்கணக்கு. பள்ளிப் பதிவேடுகளோ ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியவை.

எனவே பருவத்துக்கு ஒருமுறை முக்கிய ஆவணங்களை வெளிவட்டில் இறக்கிவையுங்கள். இரண்டு வட்டுகள், இரண்டு இடங்கள். இறக்குவதில் ஒரு பெரிய பிழை அடிக்கடி நடக்கிறது. கணினியில் தெரியும் கூகுள் டிரைவ் கோப்புறையை அப்படியே பென்டிரைவுக்கு நகலெடுக்கிறார்கள். அதில் கூகுள் டாக்ஸ் ஆவணங்கள் 'ஜிடாக்' என்ற பின்னொட்டோடு, ஒரு கேபிகூட இல்லாத அளவில் இருக்கும். அவற்றுக்குள் ஆவணம் இல்லை. ஆவணம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. கணக்கு மூடப்பட்டால் அந்த நூற்றுக்கணக்கான கோப்புகளும் வெற்று. கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகவோ, டிரைவின் இணையப் பக்கத்தில் 'பதிவிறக்கு' கொடுத்தோ எடுத்தால்தான் வேர்டு, எக்செல் வடிவில் உண்மையான கோப்பு வரும். எடுத்த பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு ஐந்தாறு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்புநகல்.

## பிள்ளைகளின் தரவு

டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகள் குரோம்புக் மடிக்கணினிகளையும், டிரைவ், டாக்ஸ் போன்றவை அடங்கிய கூகுள் வொர்க்ஸ்பேஸையும் பயன்படுத்த அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் தடை விதித்தது. பிள்ளைகளின் தரவு எங்கே போகிறது, என்ன ஆபத்து என்பதை நகராட்சி முறையாக மதிப்பிடவில்லை என்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. தடை செப்டம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் சேவையைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிதான் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பது அங்கே தெளிவானது. பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படும் வயது சட்டத்துக்குச் சட்டம் மாறும்: அமெரிக்காவின் காப்பா சட்டத்தில் 13க்குக் கீழ், ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் பொதுவாக 16க்குக் கீழ், நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம், இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18க்குக் கீழ்.

நிர்வாகி இன்றே பார்க்க வேண்டியவை சில. மாணவர் கணக்குகள் 18 வயதுக்குட்பட்டவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா? வெளிச் செயலிகள் 'கூகுள் மூலம் உள்நுழை' என்று டிரைவை மொத்தமாகப் படிக்கும் அனுமதி வாங்கியிருக்கின்றனவா? உயர் நிர்வாகிக் கணக்குகள் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா, அவற்றில் இருபடிச் சரிபார்ப்பு இயங்குகிறதா? ஒரே ஒரு நிர்வாகிக் கணக்கு, அதுவும் அன்றாட மின்னஞ்சலுக்குப் பயன்படும் கணக்கு என்றால், அவர் தொலைபேசியைத் தொலைத்த அன்று பள்ளியே வெளியே நிற்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2016இல் தொடங்கிய நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறமூல மென்பொருளும் அதோடு இணையும் கொலாபரா, ஒன்லிஆஃபீஸ் ஆகிய ஆவணத் திருத்திகளும் அதற்குப் போதுமானவை. தரவு பள்ளியின் கையிலேயே இருக்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவவும், பழுதான வட்டை மாற்றவும், நள்ளிரவில் நின்றுபோனால் எழுப்பவும் ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும். அப்படி ஆள் இல்லாத பள்ளிக்கு இது ஏற்றதல்ல. கவனிக்கப்படாத சொந்த சர்வரைவிட, ஒழுங்காக அமைத்த வாடகைச் சேவை பாதுகாப்பானது.

## படித்து முடிப்பவர்கள்

கடைசி வகுப்பு மாணவரின் கணக்கில் அவருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. நிர்வாகி அனுமதித்திருந்தால், கூகுளின் உள்ளடக்க மாற்று வசதி வழியாக மாணவர் தன் மின்னஞ்சலையும் மை டிரைவ் கோப்புகளையும் சொந்தக் கணக்குக்கு நகலெடுக்கலாம். அங்கே 15 ஜிபிதான் இலவசம் என்பதால் பெரிய காணொளிகளை முன்னதாகவே தனியாக இறக்க வேண்டும். நகலெடுப்பு வழக்கமாகச் சில மணி நேரத்தில் முடியும். ஒரு வாரம்வரையும் ஆகலாம். எனவே இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே வழிமுறையை அனுப்பி, தேர்வுக்குப் பின்னும் சில வாரம் கணக்கைத் திறந்துவைக்க வேண்டும். கல்லூரி விண்ணப்பம், நுழைவுத்தேர்வுப் பதிவு, உதவித்தொகை என்று அவர் எங்கெல்லாம் பள்ளி முகவரியைக் கொடுத்திருக்கிறாரோ அங்கெல்லாம் சொந்த முகவரியை மாற்றிவிடச் சொல்லுங்கள். மூடிய கணக்குக்கு வரும் சேர்க்கைக் கடிதமும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவர் கைக்கு வந்துசேராது.